ஆக்ஸிலேட்டரை விட்டுறாதீகண்ணே

மூன்று வருடங்களுக்கு முன்பு, தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தபோது நடந்தது இது. சிவகாசி பக்கத்தில் விஸ்வநத்தத்தைத் தாண்டி உள்ளே பிரிகிற ஒரு சின்ன தார்ச்சாலை. காலை பதினொரு மணி இருக்கும். மொத்தமும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை இன்றைக்கு வரைக்கும் என்னால் முழுதாக இறக்கி வைக்க முடியவில்லை.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிறவன். வீடு விருதுநகர். மனைவி அங்கேயே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். எனக்குக் கோபமும் அவசரமும் கொஞ்சம் அதிகம், அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். வயது முப்பத்து மூன்று ஆகியும் பைக் விஷயத்தில் மட்டும் காலேஜ் பையன் புத்தி போகவில்லை. குனிந்து படுத்தபடி ஓட்டுவார்களே, அந்த ரகத்தில் ஒரு பழைய பைக்கை வாங்கி, ஓய்வு நாளெல்லாம் அதோடுதான் கிடப்பேன்.

சும்மா கிடந்தால் பரவாயில்லை. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து வண்டியை மாற்ற ஆரம்பித்தேன். கம்பெனி கொடுத்த சைலன்சரைக் கழற்றிவிட்டு, எஞ்சினுக்கு அடியிலேயே முடிந்துவிடுகிற ஒரு குட்டைக் குழாயைப் போட்டேன். அதன் வாய் வலது கால் வைக்கிற இடத்துக்குக் கீழே, தரையைப் பார்த்தபடி இருக்கும். ஏர் ஃபில்டர் பெட்டியையும் கழற்றிவிட்டுக் கூம்பு மாதிரி ஒன்றை மாட்டினேன். நாலுவழிச் சாலையில் இன்னும் வேகம் போகட்டும் என்று முன்பக்கப் பல்சக்கரத்தை இரண்டு பல் பெரிதாக மாற்றினேன்.

வேகம் போனது, பொய் சொல்லக்கூடாது. அறுபதைத் தாண்டினால் ராஜா. ஆனால் முப்பதுக்குக் கீழே வந்தால் அது வண்டியே இல்லை. வெட்டி வெட்டி இழுக்கும். முன்னால் ஒரு மாட்டு வண்டி போனால்கூட அதன் பின்னால் என்னால் போக முடியாது. முதல் கியரில் கிளட்சை விட்டால் துள்ளும், பிடித்தால் அணையும். அணையாமல் இருக்க ஐடிலிங்கைத் திருகித் திருகி ஏற்றி வைத்திருந்தேன். நின்றாலும் உறுமிக்கொண்டே நிற்கும். இதெல்லாம் போக, ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விட்டால் குழாய் வழியாக 'பட்டார்' என்று ஒரு வெடி. அதோடு நீலமும் மஞ்சளுமாக ஒரு முழம் நெருப்பு.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நெருப்புதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். டீக்கடை முன்னால் நண்பர்களுக்கு விட்டு விட்டுக் காட்டுவேன். விருதுநகரில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "காத்த தெறந்துவிட்டுட்டு பெட்ரோல பழைய அளவுக்குத்தான் குடுக்கீக. அது எங்கன எரியணுமோ அங்கன எரியாம குழாய்ல போயி எரியுது. பெட்ரோல் விடுற ஜெட்ட மாத்துங்க, இல்ல பழைய சைலன்சர மாட்டுங்க" என்றார். மெதுவாகப் போகவா இந்த வண்டியை வாங்கினேன் என்று நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். என் மனைவி ஒரே ஒருமுறை பின்னால் ஏறினாள். இறங்கினதும், "நீங்க வண்டி வாங்கியிருக்கீகளா, வெடி வாங்கியிருக்கீகளா?" என்று கேட்டவள், அதற்குப் பிறகு ஏறவே இல்லை. டவுன் பஸ்ஸில்தான் டூட்டிக்குப் போனாள்.

அன்றைக்கு ஒரு பட்டாசு கம்பெனிக்கான பெட்டி லேபிள் மெஷினில் ஏறியிருந்தது. சீசன் நேரம், ஆர்டர் கழுத்தை நெரித்தது. கம்பெனிக்காரர் ப்ரூஃபைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஓட்ட முடியும். எடுத்துப் போக ஆள் இல்லை. நான்தான் பைக் இருக்கிறதே என்று சுருட்டி முதுகுப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பெட்ரோல் ரிசர்வில் இருந்தது. வரும்போது போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

விஸ்வநத்தம் பக்கம் ஒரே வேனும் லாரியுமாக இருந்தது. வண்டிகள் நத்தை மாதிரி நகர்ந்தன. என் வண்டி நகருமா? இரண்டு முறை அணைந்தது. பின்னால் வந்தவர் ஹாரன் அடித்தார். எனக்குச் சூடு ஏறிவிட்டது. அங்கே கண்மாய்க் கரை மேல் ஒரு மண்பாதை உண்டு, அதில் போனால் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு கம்பெனி இருக்கிற சாலையின் நடுவில் போய் ஏறலாம். மெதுவாகப் போக முடியாத ஒரே காரணத்துக்காக அந்தப் பாதையில் திருப்பினேன். கரை முழுக்க மேடும் பள்ளமும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆக்ஸிலேட்டரை விட, ஒவ்வொரு முறையும் 'பட்டார்'. கருவேலங்காட்டுக்குள் கொக்கு எல்லாம் எழும்பிப் பறந்தன. நான் அதையும் ரசித்துக்கொண்டேதான் போனேன்.

கரையிலிருந்து இறங்கித் தார்ச்சாலையில் ஏறினேன். ஏறிய இடத்திலேயே பத்துப் பன்னிரண்டு பெண்கள் ரோட்டில் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தார்கள். நூறு நாள் வேலை என்று நினைத்தேன். வழியை மறித்துக்கொண்டு நிற்கிறார்களே என்று எரிச்சல் வந்து, நின்றபடியே ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பிடித்து உறுமவிட்டேன்.

ஒருவரும் கத்தவில்லை. ஒருவரும் ஓடவில்லை. அத்தனை பேரும் கையில் இருந்ததை அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அதுதான் என்னை முதலில் பயமுறுத்தியது. இன்னொரு ஊராக இருந்தால் இந்நேரம் நாலு பேர் என்னைத் திட்டியிருப்பார்கள்.

ஒரு பெண் மட்டும் உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி காற்றை மெல்ல அமுக்கிக் காட்டியபடி என்னை நோக்கி நடந்து வந்தார். இருபத்தெட்டு, முப்பது வயது இருக்கும். புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் கட்டிய துணி, காலில் செருப்பு இல்லை. இரண்டு கையும் முழங்கை வரைக்கும் வெள்ளி நிறத்தில் மினுமினுத்தன. அலுமினியப் பொடி. இந்தப் பக்கத்தில் அந்தக் கையைப் பார்த்தால் என்ன வேலை என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அவர் என் பக்கத்தில் வந்து, கோயிலுக்குள் பேசுகிற மாதிரி தாழ்ந்த குரலில் சொன்னார்: "அண்ணே, ஆக்ஸிலேட்டர விட்டுறாதீகண்ணே. இப்ப எப்படிப் பிடிச்சிருக்கீகளோ அப்படியே பிடிங்க. கீழ பாருங்க."

பார்த்தேன். என் இரண்டு சக்கரமும் சாம்பல் நிறப் பொடியின் நடுவில் நின்றன. தார் ரோட்டின் அகலத்துக்கும், முன்னால் இரண்டு லாரி நீளத்துக்கும் அது பரவிக் கிடந்தது. ஒரு லோடு வண்டியிலிருந்து மூட்டைகள் விழுந்து கிழிந்து, பின்னால் வந்த வண்டி அதன் மேலேயே ஏறி இழுத்துவிட்டதாம். மூட்டையில் இருந்தது பாதி செய்த பட்டாசுச் சரக்கு. ரோட்டில் கிடந்தது வெடிமருந்து. பக்கத்துக் கம்பெனிப் பெண்கள் ரோட்டின் இரண்டு முனையிலும் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டு, ஈரச் சாக்கை வைத்து ஒற்றி ஒற்றி அள்ளிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வண்டி இன்னும் வரவில்லை. அடைக்காமல் விட்டது கண்மாய்க் கரைப் பாதை ஒன்றைத்தான். அதில் எவன் வரப்போகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

நான் வந்தேன். நெருப்புத் துப்புகிற வண்டியில் வந்தேன். குழாயின் வாய் அந்தப் பொடிக்கு ஒரு சாண் உயரத்தில் இருந்தது.

முதலில் தோன்றியது சாவியைத் திருப்பி அணைத்துவிடுவதுதான். இடது கை சாவிக்குப் போகவும் அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "அணைச்சா வெடிக்குமாண்ணே?" என்று கேட்டார். கட்டாயம் வெடிக்கும். ஓடுகிற எஞ்சினை அணைத்தால் எரியாத பெட்ரோல் எல்லாம் சூடான குழாய்க்குள் போய் ஒரு வெடி வெடித்துவிட்டுத்தான் அடங்கும். வெடிக்கும் என்றேன். "நெருப்பு வருமா?" வரும் என்றேன். "எம்புட்டு?"

ஒரு முழம் என்று சொன்னேன். டீக்கடையில் பெருமையாகச் சொன்ன அதே அளவுதான்.

எப்படி இவருக்கு இதெல்லாம் தெரிகிறது என்று அந்தக் குழப்பத்திலும் ஒரு கேள்வி ஓடியது. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாரோ என்னவோ, "கரை மேல வாரப்பவே கேட்டுக்கிட்டுத்தான இருந்தோம். கைய விடுறப்பதான் வெடிக்குது, பிடிச்சிருந்தா வெடிக்கல" என்றார். நான் ஆறு மாதமாக ஓட்டி, வீடியோ பார்த்து, மெக்கானிக்கிடம் வாதாடித் தெரிந்துகொண்டதை அந்தப் பெண்கள் இரண்டு நிமிடம் காதால் கேட்டே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

பின்னால் செங்குத்தான கரை, அதில் வண்டியைத் தள்ளி ஏற்ற முடியாது. அப்படியே நிற்கவும் முடியாது. எஞ்சின் ஒருமாதிரி இருமிக்கொண்டிருந்தது. ரிசர்வில் எவ்வளவு மிச்சம் என்று எனக்குத் தெரியாது. பெட்ரோல் தீர்ந்து தானாக அணைந்தாலும் வெடிதான். அதைச் சொன்னதும் அவர் ஒரு நொடி முன்னால் கிடந்த ரோட்டைப் பார்த்தார். திரும்பி மற்றப் பெண்களிடம் கையை மட்டும் அசைத்தார். எட்டுப் பேர் ஒரு வார்த்தை பேசாமல், காலை இழுக்காமல் தூக்கித் தூக்கி வைத்து ரோட்டை விட்டு இறங்கி, கருவேல மரங்களுக்கு அந்தப் பக்கம் போனார்கள். நாலு பேர் மட்டும் வந்து என் வண்டியைச் சுற்றி நின்றார்கள்.

அவர்களையும் போகச் சொல்லுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நான் என்னத்தைப் பார்த்துக்கொள்ள? அவர் அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை.

"கால கீழ ஊனாதீக. ஷூவுக்கு அடியில கல்லு இருந்தா உரசிரும். ரெண்டு காலையும் மேல வச்சுக்கோங்க. இவுக பின்னால பிடிச்சுக்கிடுவாக, தள்ள மாட்டாக. தள்ளுனா கால் அழுந்தி மருந்து உரசிரும். சாக்கு மேலயே மெல்ல வாங்க, நடந்து வார மாதிரி வாங்க."

இரண்டு பெண்கள் பின் சீட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். மற்ற இருவர் ஈரச் சாக்கை எனக்கு முன்னால் விரித்தார்கள். மொத்தமே நாலு சாக்குதான் இருந்தது. வண்டி கடந்ததும் பின்னால் இருப்பதை எடுத்து முன்னால் கொண்டுபோய் விரிக்க வேண்டும். அவர் என் வலது பக்கம், ஆக்ஸிலேட்டர் பிடித்திருந்த கைக்குப் பக்கத்தில் நடந்தார். குழாயின் வாய் அந்தப் பக்கம்தான் இருந்தது. அவருடைய வெறுங்காலுக்கு நேராக இருந்தது. அந்தப் பக்கம் வர வேண்டாம் என்று கெஞ்சினேன். "நீங்க முன்னால பாருங்கண்ணே" என்றார்.

நடக்கிற வேகத்தில் போக வேண்டும். ஆறு மாதமாக என் வண்டியால் முடியாத ஒரே காரியம் அதுதான். அதிலும் துள்ளக் கூடாது, அணையக் கூடாது, ஆக்ஸிலேட்டரை விடக் கூடாது. வலது கையை மரக்கட்டை மாதிரி இறுக்கிக்கொண்டேன். முதல் கியரைப் போட்டுக் கிளட்சை நூல் நூலாக விட்டேன். பிடிக்கிற இடம் வந்தது. வண்டி முன்னால் பாயப் பார்த்தது. பின் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே கிளட்சைப் பாதியில் நிறுத்தினேன். முன் சக்கரம் முதல் சாக்கில் ஏறியது.

ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு எனக்கே இரைச்சலாகக் கேட்டது. கிளட்ச் பிளேட் தேய்கிற வாடை வந்தது. கிளட்சைப் பிடித்த இடது கை வலிக்க ஆரம்பித்தது. அதற்காகக் கொஞ்சம் விட்டாலும் துள்ளும், கொஞ்சம் அமுக்கினாலும் எஞ்சின் வேகம் ஏறி இறங்கும், இறங்கினால் போச்சு. இரண்டாவது சாக்கு. மூன்றாவது. பின்னால் பிடித்திருந்தவர்களில் ஒருவர் வாய்க்குள்ளேயே மாரியாத்தாவைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். எனக்கு ஜெபம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன் நான், ஒரு வரிகூட வரவில்லை. அந்தப் பெண் மாரியாத்தாவைக் கூப்பிடும்போதெல்லாம் உள்ளுக்குள் ஆமென் சொன்னேன்.

பாதி தூரம் தாண்டியிருப்போம். முன் சக்கரத்துக்கு அடியில் சாக்கு மடிந்து சுருண்டுவிட்டது. சக்கரம் அதில் முட்டி ஏறியது, வண்டி ஒரு துள்ளுத் துள்ளியது. துள்ளினால் கை என்ன செய்யும்? ஆக்ஸிலேட்டரை விடத்தான் பார்க்கும். வருடக்கணக்கான பழக்கம் அது, யோசித்துச் செய்வதில்லை. என் விரல்கள் தளர்ந்ததை நானே உணர்ந்தேன்.

அந்த நொடியில் ஒரு கை வந்து என் கையின் மேல் இறங்கியது. அந்தப் பெண்ணின் கை. என் முஷ்டியை ஆக்ஸிலேட்டரோடு சேர்த்து அப்படியே பிடித்துக்கொண்டது. இறுக்கவும் இல்லை, முறுக்கவும் இல்லை. இருந்த இடத்திலேயே நிறுத்தியது, அவ்வளவுதான். எஞ்சின் சத்தம் ஒரு மாத்திரை இறங்கப் பார்த்து மறுபடி சமமானது. குழாய்க்குள் 'புஸ்' என்று ஏதோ கேட்டது. வெளியே வரவில்லை.

அவர் கையை எடுக்கவே இல்லை. மிச்சத் தூரம் முழுக்க அப்படியே பிடித்தபடி நடந்தார். நான் பக்கத்தில் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. முன்னால் விரிகிற சாக்கை மட்டும் பார்த்தேன். கடைசிச் சாக்கைத் தாண்டி, கறுப்பாக வெறும் தார் ரோடு தெரிந்தது. அதற்குப் பிறகும் பத்தடி கூடவே வந்துவிட்டு, "இனி நேரா போங்க. அந்தப் பாலம் தாண்டி வேப்பமரம் தெரியுதுல்ல, அங்கன போயி அணைங்க" என்று சொல்லிக் கையை எடுத்தார்.

முனையில் கிடந்த முள்ளை ஒருவர் இழுத்து வழிவிட்டார். பாலத்தைத் தாண்டி வேப்பமரத்தடியில் ஓரம் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினேன்.

பட்டார்.

எப்போதும் வருவதைவிடப் பெரிதாக வந்தது. கண்ணைத் திறந்தால் ரோட்டோரத்தில் காய்ந்து கிடந்த புல் ஒரு முறம் அளவுக்குப் பற்றி எரிந்துகொண்டிருந்தது. இறங்கி ஷூவால் மிதித்து மிதித்து அணைத்தேன். அணைந்த பிறகும் மிதித்துக்கொண்டே இருந்தேன். பிறகு அந்தக் கரிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர்கள் நாலைந்து பேர் நடந்து வந்தார்கள். புகை வாடைக்கே வந்திருப்பார்கள். கரிந்த புல்லைப் பார்த்தார்கள். மாரியாத்தாவைக் கூப்பிட்ட பெண் என் எதிரில் இடுப்பில் கை வைத்து நின்று, "நல்லா இருக்கீகளே. ஒரு மாசம் இருக்கையிலயே எங்களுக்குத் தீவாளி கொண்டாடிருப்பீக" என்றார். ஒருத்தி சிரித்தாள். சிரிக்க ஆரம்பித்தவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

என் கையைப் பிடித்த பெண்ணிடம், ஏம்மா நீங்கள் ஐந்து பேரும் தள்ளிப் போகவில்லை என்று கேட்டேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். "நாங்க ஓடிட்டா வண்டி சாஞ்சிருமில்லண்ணே" என்றார். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை என்கிற மாதிரி, தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். திரும்பிப் போகும்போது மட்டும் நின்று சொன்னார்: "வெடி செய்யிறவுகளுக்கு வெடின்னா பயம் இருக்காதுன்னு நெனைக்காதீக. எங்களுக்குத்தான் அம்புட்டும் தெரியும்."

ப்ரூஃபைக் கம்பெனியில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். நடந்தே போனேன். தண்ணீர் வண்டி வந்து ரோட்டைக் கழுவியதும், அங்கிருந்து சிவகாசி வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளிக்கொண்டு வந்தேன். வெயில் கொளுத்தியது. வழியில் இரண்டு பேர் பெட்ரோல் தரட்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். அச்சகத்தில் முதலாளி இவ்வளவு நேரமா என்று கத்தினார். முதல் முறையாக நான் பதிலுக்குக் கத்தவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் முழுதும் கேட்டாள். நான் ஏதேதோ சொன்னேன், பொடியைப் பற்றி, சாக்கைப் பற்றி, கிளட்சைப் பற்றி. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவுக கால்ல செருப்பு இருந்துச்சா?" இல்லை என்றேன். அவள் தீக்காய வார்டில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள். எழுந்து போய், பொடி ஒட்டியிருந்த என் பேன்ட்டையும் ஷூவையும் தனி வாளியில் தண்ணீருக்குள் அமுக்கி வைத்தாள். அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் ஒரு லோடு ஆட்டோ பிடித்து வண்டியை விருதுநகர் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் இறக்கினேன். நடந்ததைச் சொன்னேன். நான் வேண்டாம் என்று அவர் கடையில் போட்டுவிட்டுப் போன பழைய ஏர் ஃபில்டர் பெட்டியையும் சைலன்சரையும் அவர் பரணிலேயே எடுத்து வைத்திருந்தார். "வருவீகன்னு தெரியும், இப்படி வருவீகன்னு தெரியல" என்றார். குட்டைக் குழாய் எஞ்சினோடு சேருகிற இடத்தில் இடைவெளியை அடைக்கிற கேஸ்கட் சரியாக உட்காராமல் காற்றை உள்ளே இழுத்திருக்கிறது, வெடிக்கு அதுவும் ஒரு காரணம் என்று விரலை வைத்துக் காட்டினார். முன் பல்சக்கரம் பழைய அளவுக்கு வந்தது. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றி, ஆக்ஸிலேட்டர் கேபிளில் இருந்த தளர்ச்சியை எடுத்து, செயினைச் சரிசெய்து, ஐடிலிங்கை இறக்கினோம். ஒவ்வொன்றாக மாற்ற மாற்ற நானே ஓட்டிப் பார்த்தேன். முன்பெல்லாம் ஓட்டிப் பார்ப்பது என்றால் நாலுவழிச் சாலைக்குப் போய் எவ்வளவு வேகம் என்று பார்ப்பது. இப்போது எவ்வளவு மெதுவாகப் போகும் என்று பார்த்தேன்.

அதற்கு ஆள் வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்ததும், மனைவியை சர்ச் வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் அவள் பாட்டுக்கு நடக்கச் சொன்னேன். நான் பக்கத்திலேயே, காலை ஊன்றாமல், அவளை முந்தாமல் வர வேண்டும். முதல் வாரம் மூன்று முறை அணைந்தது. பாதிப் பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "என்ன, வண்டிக்குத் தொண்டை கட்டிக்கிருச்சா?" என்று நண்பன் ஒருவன் கிண்டல் செய்தான். மறுபடி மெக்கானிக்கிடம் போய் ஜெட்டையும் காற்றுத் திருகையும் பார்த்தோம். அடுத்த வாரம் தெருமுனை வரைக்கும் ஒரு துள்ளல் இல்லாமல் வந்தேன். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வீடு வரைக்கும் வந்தாள்.

தீபாவளிக்கு முந்தின வாரம், காலையில் வேலைக்கு வேன்கள் வந்து நிற்கிற இடத்தில் போய்க் காத்திருந்தேன். அந்தப் பெண் இறங்கினார். என்னைக் கடந்தே போய்விட்டார். அண்ணன்தான்மா, வண்டிக்காரன் என்று கூப்பிட்டேன். நின்று பார்த்தார். கை அப்போது சுத்தமாக இருந்தது, வேலை இன்னும் தொடங்கவில்லை. "சத்தம் இல்லாம வந்து நின்னீகளா, அதான் தெரியல" என்றார்.

நன்றி சொல்ல என்னென்னவோ மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வண்டியைச் சரிபண்ணிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவர் வண்டியை மேலும் கீழும் பார்த்தார், குனிந்து சைலன்சர் வாய் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். பிறகு, "எங்க, முறுக்கிட்டு விடுங்க பாப்போம்" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கை வரவில்லை. சுற்றிலும் வெறும் மண்தான், கம்பெனிகள் எல்லாம் எங்கோ தள்ளி இருந்தன. விருதுநகரில் நூறு முறை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஆனாலும் அவருடைய கால் பக்கத்தில் இருந்தது. தள்ளி நிற்கச் சொன்னேன். அவர் நகரவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்துக் காதைக் கொடுத்துக்கொண்டு அப்படியே நின்றார். முறுக்கினேன். விட்டேன். எஞ்சின் இறங்கி, சீராக ஓடியது. வேறு ஒன்றும் இல்லை. இன்னொரு முறை விடச் சொன்னார். விட்டேன்.

"இப்பச் சரி" என்றார். கூட வந்த பெண்கள் கூப்பிட, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

அந்த வண்டிதான் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. பாலத்தில், பள்ளிக்கூட வாசலில், வேனுக்குப் பின்னால் மெதுவாக ஊர்ந்து போகிறபோதெல்லாம், எரிச்சல் வந்து கை முறுக்கத் துடிக்கிறபோதெல்லாம், என் வலது கையின் மேல் இன்னொரு கை இருக்கிறது. அதை உதறிவிட்டு வேகம் போக எனக்கு இதுவரைக்கும் மனசு வந்ததில்லை.